பார்சலில் வைக்காத அகல்கள்

அண்ணன் அந்தமானில் வனத்துறையின் தற்காலிகக் காவலனாக இருந்தான். ஆளில்லாத ஒரு சிறு தீவில், கடலாமைகள் முட்டையிட்ட குழிகளைச் சுற்றிக் குச்சி நட்டு, உடும்புகள் தோண்டிவிடாமல் காப்பது அவன் வேலை. கப்பல் வந்தால்தான் கடிதம் வரும். வீட்டில் நான் மனம்விட்டுப் பேசியது அவனிடம் மட்டுமே. அவன் போன பிறகு, கல்லூரியிலிருந்து வந்ததும் புத்தகத்தைப் பிரித்துக்கொள்வேன். யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

அந்த ஆண்டு கார்த்திகை தீபத்துக்கு ஒரு மாதம் முன்பே ஐந்து அகல்களைத் துணியில் வைத்துத் தைத்து, அரக்கு முத்திரையிட்டு அனுப்பினேன். எங்கள் ஊரில் ஆறு மணிக்கு மலைமேல் தீபம் தெரிந்த பிறகே வீடுகளில் விளக்கேற்றுவார்கள். ஆகவே, சரியாக ஆறு மணிக்கு, ஊர் இருக்கும் மேற்குத் திசையைப் பார்த்து ஏற்றும்படியும், அதே நிமிடத்தில் நானும் ஏற்றுவேன் என்றும் எழுதியிருந்தேன்.

பதில் தை மாதத்தில் வந்தது. அங்கே கார்த்திகையில் ஐந்து மணிக்கே பொழுது சாய்ந்துவிடுகிறது. மழைமேகம் பௌர்ணமி நிலவை மூடியிருந்ததால், நான் குறித்த ஆறு மணி அவனுக்கு நல்ல இருட்டு. வெளிச்சம் தெரியும் பக்கமே கடல் என்று குஞ்சுகள் ஊர்ந்துவிடும் என்பதால், பொரியும் நாட்களில் கரையில் அவன் பீடிகூடப் பற்றவைப்பதில்லையாம். கடைசிக் குழி பொரிய இன்னும் ஒரு வாரம் இருக்கிறது என்று நம்பி, எனக்காக ஏற்றியிருக்கிறான். அன்றே பொரிந்துவிட்டது. குஞ்சுகள் கடலுக்கு முதுகைக் காட்டி, குடிசை வாசலில் எரிந்த அகல்களை நோக்கி ஊர்ந்தன. விளக்கை அணைத்து, லுங்கியில் அள்ளி அலையில் கொண்டுபோய் விட்டிருக்கிறான். அதற்குள் நண்டுகள் இழுத்தவை இழுத்தவைதான்.

“எத்தினி போச்சுன்னு நான் எண்ணல. நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காத” என்று முடித்திருந்தான்.

அதை அம்மாவிடம் நான் சொல்லவில்லை. அடுத்த ஆண்டு அகல்களை அவளே தேர்ந்தெடுத்தாள். வெளியூர் போனவன் தீபத்தை மறந்துவிடக் கூடாது என்ற கவலை அவளுக்கு. துணி தைப்பது என் வேலை. தைக்கும் முன் ஐந்தையும் வெளியே எடுத்துவிட்டு, அம்மா கூடவே வைத்த முறுக்கு டப்பா குலுங்காதபடி செய்தித்தாளைத் திணித்தேன். இந்த ஆண்டு எதையும் ஏற்ற வேண்டாம் என்று ஒரு வரி எழுதி வைத்தேன்.

தீபத்தன்று மலையுச்சியில் தீ தெரிந்ததும் தெரு முழுவதும் அரோகரா எழுந்தது. அம்மா வாசலில் குனிந்து ஏற்றிக்கொண்டே கேட்டாள்:

“இந்நேரம் அவனும் ஏத்தியிருப்பான் இல்ல?”

“ஏத்தியிருப்பாம்மா.”

என் பங்கு அகல்களை ஏற்றினேன். அவன் அப்போது இருட்டில் உட்கார்ந்து மணலைப் பார்த்துக்கொண்டிருப்பான். அவனுடைய ஐந்தும் என் அலமாரியில், அகராதிக்குப் பின்னால், திரி போடாமல் இருந்தன.