யாரும் பாடாத பாட்டு

குழாய் ஸ்பீக்கர் கரகரக்கிறதா என்று பார்க்க சினிமாப் பாட்டு உதவாது. அதில் ஒரே நேரத்தில் ஏகப்பட்ட பேர் வாசிக்கிறார்கள். கரகரப்பு எங்கிருந்து வருகிறது என்று பிடிபடாது. கிட்டார் தனியாக, நிதானமாக, ஒவ்வொரு சுரத்துக்கும் நடுவே கொஞ்சம் இடம் விட்டு ஒலித்தால் போதும், கோளாறு எந்தக் குழாயில் என்று தெரு முனையில் நின்றாலும் தெரிந்துவிடும். பழைய ஜாஸ் கிட்டார் பதிவுகள் இதற்கென்றே செய்தவை போல இருக்கும். தகரக் குழாய் அடிச்சத்தத்தையும் தராது, மேல்சத்தத்தையும் தராது. நடுவில் இருப்பதை மட்டும் கொடுக்கும். அந்தக் கிட்டாரின் தடித்த ஒலி நடுவில்தான் இருக்கிறது.

திண்டிவனத்தில் மைக் செட் வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே இதைக் கண்டுகொண்டேன். எனக்கு எட்டாவதோடு படிப்பு நின்றது. திருப்பூரில் பனியன் கம்பெனி, பெங்களூரில் ஓட்டல், பிறகு லாரி கிளீனர். எந்த ஊரிலும் மூன்றாவது மழைக்காலம் வரை நான் இருந்ததில்லை. கடைசியாக வளைகுடாவுக்குப் போனேன். போன இடத்தில் சம்பளத்தை நிறுத்திவிட்டார்கள், பாஸ்போர்ட்டையும் தராமல் இழுத்தடித்தார்கள். ஊர் திரும்பும் வரை ஒரு வேளைதான் சாப்பாடு. மற்ற நேரத்தில் செய்வதற்கு ஒன்றும் கிடையாது.

அறையில் என்னோடு இருந்தவர் கோட்டக்குப்பத்துக்காரர். ஒரு பெரிய ஓட்டலில் வேன் ஓட்டினார். அங்கே வாசிக்கும் பிலிப்பைன்ஸ்காரர் ஒருவர் தன்னிடமிருந்த பழைய ஜாஸ் கிட்டார் இசைத்தட்டுகளை ஒரு மெமரி கார்டில் ஏற்றி இவருக்குக் கொடுத்திருந்தார்.

"இதக் கேட்டா தூக்கமா வருது தம்பி. வண்டி ஓட்டறவனுக்கு இது ஆவாது. நீ சும்மா தான படுத்துக்கினு இருக்க, நீ கேளு" என்று கார்டை என்னிடம் தள்ளிவிட்டார்.

கேட்டேன். முதலில் ஒன்றும் புரியவில்லை. கிட்டார் எங்கோ போகும், எங்கோ திரும்பும், வழி தெரியாத ஊரில் அலைவது போல இருக்கும். ஆனால் சிலவற்றில் மட்டும் காது நின்றது. அவற்றின் பெயர்களை எழுத்துக் கூட்டிப் படித்தேன். பலவற்றின் கடைசியில் ஒரே சொல்தான் இருந்தது: புளூஸ். அமெரிக்காவில் பருத்திக் காட்டில் வேலை செய்த கறுப்பு ஜனங்களின் பாட்டு அது, ஜாஸ்காரர்கள் எத்தனை உயரம் போனாலும் அதை விடவில்லை என்று பிலிப்பைன்ஸ்காரர் சொன்னதாகப் பிறகு தெரிந்தது.

அப்படி முடிகிறவற்றைத் தனியாகப் பிரித்து வைத்துக்கொண்டேன். எத்தனை வளைந்தாலும் அவை டவுன் பஸ் மாதிரி புறப்பட்ட இடத்துக்கே வந்தன. தாளத்தில் நாலு தட்டை ஒரு வீடு என்று வைத்து விரல் விட்டு எண்ணினால், பன்னிரண்டு வீட்டில் ஒரு தெரு முடிந்தது. முதல் நாலு வீட்டில் கிட்டார் ஒன்றைச் சொல்லும். அடுத்த நாலில் பெரும்பாலும் அதையே திரும்பச் சொல்லும். ஆனால் கீழே ஒலிக்கும் சுருதி மாறி, தரை நகர்ந்தது போல இருக்கும். கடைசி நாலில் அதற்குப் பதில் வரும். நடுநடுவே நரம்பை இழுத்து, இரண்டு சுரத்துக்கும் நடுவில் எங்கேயோ நிறுத்துவார்கள். தொண்டை அடைத்துப் பேசுவது போல இருக்கும்.

ஒன்று மட்டும் எனக்கு வியப்பாக இருந்தது. அதே பன்னிரண்டு வீட்டுத் தெருவில் சிலர் வேகமாகவும் போனார்கள். துக்கம் ஒன்றும் இல்லை, கூட வாசிப்பவர் பின்னால் சிரிப்பதுகூடக் கேட்கும். அதற்கும் புளூஸ் என்றுதான் பெயர்.

போன வைகாசியில் ஒலக்கூர் பக்கம் ஒரு கிராமத்தில் காதுகுத்து. முதலாளி வண்டியை எடுத்துக்கொண்டு ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கப் போய்விட்டார். டெஸ்டிங்குக்கு நான் எதை வேண்டுமானாலும் போடலாம், சாமி பாட்டுக்கு முன்னால் நிறுத்திவிட வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. காலை ஏழு மணி இருக்கும். இருப்பதிலேயே மெதுவான புளூஸைப் போட்டுவிட்டு, வேர்க்கடலை போட்டிருந்த மல்லாட்டைக் கொல்லை ஓரம் கட்டியிருந்த கடைசிக் குழாய் கரகரத்ததால் ஏணி போட்டு ஏறினேன். ஒயரைப் பிரித்துக் கட்டி முடிக்கும் வரை பாட்டு திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது.

மேலிருந்து பார்த்தால் மளிகைக் கடை பாதி ஷட்டரை இறக்கியிருந்தது. டீக்கடையில் பாலுக்குக் கூட்டம். ஏணிக்குக் கீழே கரைவேட்டி கட்டிய இரண்டு பேர் வந்து நின்றார்கள். கரை வேறு வேறு.

"உங்காளா எங்காளாய்யா?"

"உங்காளாத்தான் இருக்கும். எங்காளு நேத்துகூட டிவில நல்லாத்தான் பேசிக்கினு இருந்தாரு."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பெரிய தலைவர் யாராவது இறந்தால் ரேடியோவிலும் டிவியிலும் பாட்டை நிறுத்திவிட்டு வெறும் வாத்தியத்தைச் சோகமாகப் போடுவார்கள். பிறகு கடை மூடும், பஸ் நிற்கும். யாரும் பாடாத பாட்டு என்றால் நம் ஊரில் அதற்கு அர்த்தம் ஒன்றுதான்.

இறங்குவதற்குள் காதுகுத்து வீட்டுப் பெண் ஓடி வந்தாள். குழந்தையின் அம்மா.

"யாருண்ணா செத்தது?"

"யாரும் சாவலம்மா. ஸ்பீக்கர் பாக்கறேன்."

அவள் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய அண்ணன் மடியில் வைத்துத்தான் குழந்தைக்குக் காது குத்த வேண்டும். அவள் தானாகப் பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டதிலிருந்து அவர் இந்த வீட்டு வாசலை மிதித்ததில்லை. இவள் கெஞ்சிக் கெஞ்சிக் கேட்டபின் இன்றைக்குத்தான் வருகிறேன் என்று ஒப்புக்கொண்டு, வளவனூரிலிருந்து கிளம்பியிருந்தார். கொஞ்ச நேரத்துக்கு முன் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டிலிருந்து போன் செய்தவர், போனிலேயே இந்தக் கிட்டாரைக் கேட்டு, என்ன விஷயம் என்றிருக்கிறார். யாரோ தலைவர் போய்விட்டாராம் என்று இவளே சொல்லியிருக்கிறாள். அப்படியானால் பஸ் நின்றுவிடும், இன்னொரு நாள் பார்க்கலாம் என்று வைத்துவிட்டார். இப்போது கூப்பிட்டால் எடுக்கவில்லை.

"இன்னொரு நாளுன்னா அது வராதுண்ணா" என்றாள். "நீதான போட்ட? நீயே போய் கூட்டினு வா. எங்க வீட்டுக்காரரு போனா வர்ற மனுசனும் வர மாட்டான்."

அவள் வீட்டுக்காரரின் பைக்கிலேயே போனேன். மஞ்சள் சட்டை, கையில் பெரிய பை என்று அடையாளம் சொல்லியிருந்தாள். திண்டிவனம் ஸ்டாண்டில் இன்னும் கிளம்பாமல் நின்ற விழுப்புரம் பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்தார். மடியில் சீர்ப் பை, அதன் மேல் வாழைப்பழச் சீப்பு.

"வளவனூருங்களா? உங்க தங்கச்சி அனுப்பிச்சாங்க. நான் மைக் செட்."

"மைக் செட்ட அனுப்பி கூப்புடற அளவுக்கு வந்துட்டாங்களா" என்றார். "யாருப்பா செத்தது?"

"யாரும் சாவலண்ணா. நான் போட்ட பாட்டு அது."

அவர் நம்பவில்லை. செல்போனை எடுத்து அதே பாட்டைப் போட்டேன். பக்கத்து சீட்டுக்காரர் தலையை நீட்டினார். கண்டக்டரும் வந்து நின்றார்.

"பாடறவன் எப்ப வருவான்?" என்றார் கண்டக்டர்.

"வர மாட்டான். இதுல கிட்டார்தான் பாடும்."

அண்ணன்காரர் கொஞ்ச நேரம் கேட்டார். "சொன்னதயே சொல்றான்."

"ரெண்டு தபா சொல்லுவான். மூணாவது வாட்டி பதில் சொல்லுவான். பாருங்க, இப்ப."

கிட்டார் இறங்கி வந்து நின்றது. பஸ் உறுமியது.

"யோவ், வர்றியா எறங்கறியா? டிக்கெட் போடணும்" என்றார் கண்டக்டர்.

அண்ணன்காரர் வாழைப்பழச் சீப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஊரு முன்னாடி போய் நிக்க ஒரு மாதிரி இருந்துது. சாவுன்னதும் அப்பாடான்னு ஏறி உக்காந்துட்டேன்" என்றார். பிறகு எழுந்தார். "சாவு இல்லன்னா இனிமே நான் என்னா காரணத்த சொல்றது?"

பஸ் நகரும்போதே இறங்கினோம். கண்டக்டர் பழத்தைப் பிடித்து வெளியே கொடுத்தார்.

ஊரில் ஷட்டர்கள் ஏறியிருந்தன. தங்கை வாசலில் நின்றாள். அழுவாளோ என்று நினைத்தேன்.

"டீயாவது குடிச்சியா?" என்றாள்.

"எங்க, உங்க ஊருல பால வாங்கி முடிச்சிட்டாங்களாமே" என்றார் அவர்.

அவள் வீட்டுக்காரர் வந்து பையை வாங்கிக்கொண்டார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் பையை மட்டும் பார்த்தார்கள். ஆனால் பை கை மாறியது. காது குத்தியபோது பக்கத்தில் மைக் திறந்திருந்ததால் குழந்தையின் அலறல் ஊர் முழுக்கக் கேட்டது. குழாய்கள் எல்லாம் சரியாக இருந்தன.

பந்தியில் உட்கார்ந்த அண்ணன் என்னைக் கூப்பிட்டு, "அந்தச் செத்த பாட்டப் போடுப்பா" என்றார். திரும்பி வந்திருந்த முதலாளி என் கையைப் பிடித்துக்கொண்டார். "யோவ், பேஜாரு பண்ணாத. கடைய மறுபடி மூடிடுவான்." அதனால் வேகமாகப் போகும் புளூஸ் ஒன்றைப் போட்டேன். அதே பன்னிரண்டு வீடுதான். சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தவர் நடை மாறியதை நான் பார்த்தேன்.

ஐப்பசியில் வளவனூரில் அந்த அண்ணனின் மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழா. அங்கேயும் மக்கள் பஸ்ஸில் வர வேண்டியவர்கள்தான், அவர் தங்கை உட்பட. எங்களைத்தான் கூப்பிட்டார். எனக்கு இங்கே மூன்றாவது மழைக்காலம் அது. கிளம்ப வேண்டும் என்று தோன்றவில்லை. முதலாளி இப்போது ஒரு சட்டம் போட்டிருக்கிறார். அதன்படி காலையில் மைக்கைப் பிடித்து, "பொதுமக்கள் கவனத்துக்கு. யாரும் தவறவில்லை. ஸ்பீக்கர் பார்க்கிறோம்" என்று இரண்டு முறை சொல்லிவிட்டு, மெதுவான புளூஸைப் போட்டேன். லேசான தூறல். திண்டிவனத்துக்காரர்கள் வரும் பஸ் வளவனூர் நிறுத்தத்தில் நின்றது. சீர்த் தட்டைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு தங்கை இறங்கினாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே அவள் வீட்டுக்காரரும் இறங்கினார்.