மாலை 6:04, ஷீபா

இது நடந்தது. நம்பாதவர்கள் புதுக்கோட்டையில் ஒரு மாலை தங்கிப் பார்க்கலாம். உள்ளே வர அனுமதிச் சீட்டு கிடைத்தால்.

ஊரில் வருகைப் பதிவு தொடங்கி இரண்டு வருடம் ஆகிறது. மாலை ஆறு மணிக்குத் தெருக்கம்பத்து ஸ்பீக்கர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடும். அவரவர் வாசல் மைக்கில் "உள்ளேன்" என்று சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் மறுநாள் காலை சாம்பல் நிற வேன் வந்து, அந்த ஆளின் துணி, போட்டோ, எல்லாவற்றையும் அள்ளிப் போகும். பிறகு அந்தப் பெயரை வீட்டுக்குள்கூட உச்சரிக்கக் கூடாது. செத்தவர்களுக்கும் இதே சட்டம்தான்.

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் மரியசெல்வத்தின் மனைவி ஷீபா, விடுப்புச் சீட்டு வாங்கிக்கொண்டு சொந்த ஊரான ஆவூருக்குப் போன இடத்தில் நெஞ்சுவலியில் இறந்துபோனாள். அங்கேயே அடக்கத்தை முடித்துவிட்டுத் திரும்பியவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. அவளுடைய மூக்குக்கண்ணாடியில் இன்னும் விரல் ரேகை இருந்தது. அதை வேனில் ஏற்ற மனசு வரவில்லை.

இயேசுவின் பாடுகளைச் சொல்லும் ஆவூர்ப் பாஸ்கா நாடகத்தில் பதினோரு வருடம் மீசையை எடுத்துவிட்டு, இயேசுவின் முகம் துடைக்கும் வெரோணிக்காவாகப் பெண் குரலில் நடித்தவர் அவர். அந்தத் தைரியத்தில், 6:04-க்கு "ஷீபா" என்று ஸ்பீக்கர் கூப்பிட்டதும், தொண்டையைச் சுருக்கி "உள்ளேன்" என்று கத்தினார்.

மைக்கில் பச்சை விளக்கு எரிந்தது.

"ஆட்டுக்குட்டி கத்துறாப்ல இருக்குங்க" என்று அந்தக் குரலை முப்பது வருடம் கேலி செய்தவள் ஷீபா. அரசாங்கத்துக்காவது ரசனை இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டார். சிரிக்கப் போய், அழுதுவிட்டார்.

இப்படியே நாற்பது நாள்.

நாற்பத்தோராம் நாள் காய்ச்சல். தொண்டை கட்டிக்கொண்டது. 6:03-க்குத் தன் பெயருக்கு எப்படியோ ஒரு கரகரப்பைத் துப்பிவிட்டார்.

6:04. "ஷீபா."

வாயைத் திறந்தார்... வெறும் காற்று.

"ஷீபா." இரண்டாம் தடவை. மூன்றாவது கிடையாது.

முதுகுக்குப் பின்னால்... மிக அருகில்...

"உள்ளேன்."

பச்சை விளக்கு.

அவர் திரும்பவில்லை. திரும்பினால் அங்கே யாரும் இல்லாமல் போய்விடுமோ என்று பயம். 6:20 வரை அப்படியே நின்றார்.

பிறகு திரும்பினார்.

கூடம் காலி.

மறுநாள் காலை பதிவு அலுவலகத்திலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள். மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தபடியே போனார். கம்ப்யூட்டர் முன்னால் வைஷ்ணவி என்ற பெண் சலிப்போடு உட்கார்ந்திருந்தாள்.

"சார், மெஷின் அந்தந்த ஆளோட கொரல் இருந்தாத்தான் பச்சை போடும். ஒங்க வீட்டம்மா பதில் சொல்றப்ப, நாப்பது நாளா ஒரு ஆம்பளக் கொரல் மேல விழுந்து அமுக்குது. நேத்துதான் சுத்தமாக் கேட்டுச்சு."

"மொத நாள்லேருந்து போடும்மா" என்றார் வாத்தியார்.

முதல் நாள் பதிவைப் போட்டுக் காட்டினாள். அவருடைய கீச்சுக்குரல். அதற்கு அடியில், மெதுவாக... ஷீபா.

இரண்டாம் நாளும்.

நாற்பது நாளும்.

"என் கொரலை எடுத்துட்டு... அவளத மட்டும் போடும்மா."

"எடுக்க வராது சார். ரெண்டும் ஒண்ணா விழுந்திருக்கு" என்றாள் வைஷ்ணவி. "இனிமேயாச்சும் அவங்களப் பேச விடுங்க."