சாவி அவரிடமும் இருந்தது

மகளுக்கு இரத்தப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டிருந்த காலம் அது. வெளியாட்களை அண்டவிட வேண்டாம், ஒரு தடிமன் காய்ச்சல் தொற்றினால்கூட அவளுக்கு ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். மானிப்பாயில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டை விற்கப்போவதாகக் கேள்விப்பட்டிருந்தேன்.

ஒரு முற்பகல், வீட்டு உரிமையாளர் வீடு பார்க்க நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிள்களில் வந்துவிட்டார். கணவர் வேலைக்குப் போயிருந்தார். நான் ஓடிப்போய் முன்கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டுவிட்டு, யன்னலால் பேசினேன்.

"அண்ணை, பிள்ளைக்குக் கடும் வருத்தம். இப்ப ஒருத்தரையும் உள்ளுக்கை விடேலாது."

"கொஞ்ச நேரம்தான். பிள்ளையின்ரை அறையைப் பூட்டிவிடுங்கோ."

"ஏலாது அண்ணை."

"இது என்ரை வீடு," என்றவர் தன்னிடமிருந்த சாவியைப் போட்டுத் திருப்பினார். பூட்டுத் திறந்து, கதவு தாழ்ப்பாளில் இடித்து அசைந்தது. கதவை இரண்டு கைகளாலும் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "எங்களைக் கேக்காமல் உள்ளுக்கை வர உங்களுக்கு உரிமை இல்லை," என்றேன். சட்டம் அப்படித்தான் சொல்கிறதா என்று எனக்குத் தெரியாது. நாளைக்கே வீட்டை விட்டு எழும்பச் சொன்னால் இந்தப் பிள்ளையோடு எங்கே போவது என்றும் தெரியாது.

வந்தவர்களில் ஒரு பெண், "பிள்ளைக்கு என்ன வருத்தம்?" என்று கேட்டார். சொன்னேன். அவர் உடனே படியை விட்டு இறங்கினார். "சுகமாகட்டும். நாங்கள் பிறகு வாறம்," என்று மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு போனார். உரிமையாளரும் சாவியை எடுத்துக்கொண்டு அவர்களுக்குப் பின்னால் நடந்தார்.

மருந்து முடிந்து, மகளுக்குத் திரும்பவும் முடி வளரத் தொடங்கிய பிறகுதான் அவர்கள் திரும்பி வந்தார்கள். அதுவரை கேற்றடியில் மோட்டார் சைக்கிள் நின்றாலே நான் ஓடிப்போய்த் தாழ்ப்பாள் போட்டிருக்கிறதா என்று பார்ப்பேன்.