ஏழாம் மிஷினில் இல்லாத தடுப்பு

அந்தம்மா எங்கள் கல்லூரிக்குப் பாதுகாப்பு அதிகாரியாக வந்த நாளிலிருந்து எனக்கு வயிற்றெரிச்சல்தான். ஒளித்துச் சொல்ல என்ன இருக்கிறது? திருப்பூரில் பின்னலாடைத் தொழில் சொல்லித்தரும் கல்லூரி அது. தையல் கூடத்தில் நான் பத்து வருடமாகப் பயிற்றுநர். தீயணைப்பான் எங்கே தொங்க வேண்டும், சாயக் கூடத்தில் எவன் கையுறை போடவில்லை என்று பார்த்துக்கொண்டிருந்ததும் நான்தான். அதற்கென்று ஒரு பதவி உண்டு என்பதே எனக்குத் தெரியாது. ஏதோ ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் பாதுகாப்பைச் சோதிக்க வரும் வெளிநாட்டு ஆடிட்டர்களைச் சமாளித்த அனுபவத்தோடு அவர் வந்தார். பதவியும் வந்தது, தனி அறையும் வந்தது.

தெற்கத்திக்காரர். என்னை "அண்ணாச்சி" என்பார். வந்த வாரமே ஒரு சட்டம் போட்டார்: ஊசி உடைந்தால் துண்டுகள் அத்தனையையும் தேடியெடுத்து நோட்டில் ஒட்டிக் காட்டினால்தான் புது ஊசி. துணிக்குள் துண்டு தங்கிவிடக் கூடாதென்று கம்பெனிகளில் இருக்கிற வழக்கம்தான். இதையே நான் முன்பு சொன்னபோது, "அதெல்லாம் காலேஜுக்கு எதுக்குங்க" என்று சிரித்த பிரின்சிபால், இப்போது என் முகத்துக்கு நேராகவே, "மேடம் வந்தப்பறந்தானுங்க நம்ம லேபு லேபாட்டம் இருக்குது" என்றார். நான் சொன்னால் காற்றோடு போகும். அந்தம்மா சொன்னால் வேதவாக்கு! "ஏனுங்க, சோத்துல கைய வெச்சுட்டு யாரத் திட்டறீங்க?" என்று என் மனைவி கேட்கும் அளவுக்குப் போயிற்று.

அந்த வருடம் ஆயுத பூஜை வந்தது. துணியின் ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மிஷினில், ஊசி முறிந்து கண்ணில் தெறிக்காமலிருக்க முன்னால் ஒரு பிளாஸ்டிக் தடுப்பு இருக்கும். மிஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைக்க அது குறுக்கே நிற்பதால், பூஜைக்கு அதைக் கழற்றிவிடுவது எங்கள் பழக்கம். கழற்றியதையும் கத்தரிகளையும் தாம்பாளத்தில் அடுக்கிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிடுவோம். மறுபூஜை முடியும்வரை யாரும் தொடமாட்டார்கள். லீவு முடிந்து வந்த காலையில் நான்தான் ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டினேன். ஏழாம் மிஷினின் தடுப்பை மட்டும் காணோம். பொரிகடலைக் குப்பையோடு யாரோ கூட்டித் தள்ளிவிட்டார்கள் போலிருக்கிறது.

அன்று கம்பெனி முதலாளிகள் சிலர் கல்லூரியைப் பார்க்க வருவதாக இருந்தது. அந்தம்மா ஓட்டமும் நடையுமாகத் தினசரி சோதனைத் தாளோடு வந்தார்.

"தடுப்பெல்லாம் மாட்டியாச்சா அண்ணாச்சி?"

நான் தலையை ஆட்டினேன். அவர் நம்பிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். அந்த மிஷின் முதலாளிகள் கண்ணில் படட்டும், அத்தனை பேர் முன்னால் அந்தம்மாவின் மானம் போகட்டும் என்பதுதான் என் எண்ணம். சத்தியமாக அதற்கு மேல் நான் நினைக்கவில்லை.

விருந்தாளிகள் வாசலுக்கு வந்த நேரம், மடத்துக்குளத்துப் பெண்ணொருத்தி, எங்கள் மாணவி, நேரே ஏழாம் மிஷினில் போய் உட்கார்ந்தாள். 'அதுல உக்காராத கண்ணு' என்று வாய்வரை வந்துவிட்டது. பிரின்சிபால் அந்தம்மாவைக் காட்டி முதலாளிகளிடம் என்னவோ பெருமையடித்துக்கொண்டிருந்தார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

தடித்த மடிப்பில் ஊசி பட்டென்று முறிந்தது. "அம்மா!" என்று அவள் முகத்தைப் பொத்தினாள். விரலிடுக்கில் ரத்தம். அந்தம்மா ஓடிப்போய், "கசக்காதம்மா, கண்ணக் கசக்காத" என்று அவள் கையை விலக்கி, கண்ணில் எதுவும் அழுந்தாமலிருக்க ஒரு பேப்பர் டம்ளரை அதன்மேல் கவிழ்த்து ஒட்டி, வேனில் ஏற்றிக்கொண்டு போனார். இந்த வித்தை எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று அந்த நேரத்திலும் எரிச்சல் வந்தது. இப்படியும் ஒரு மனிதன் இருப்பானா என்றால், இருந்தேன்.

ஊசிமுனை புருவத்துக்குக் கீழே ஏறியிருந்தது. நூலிழையில் கண் தப்பியது என்றார் டாக்டர்.

மறுநாள் பிரின்சிபால் அறையில் விசாரணை. பெண்ணின் தாயும் வந்திருந்தார். அந்தம்மா என்னைத்தான் கைகாட்டுவார் என்று பதிலைத் தயாராக வைத்திருந்தேன்: 'நான் வாயே தொறக்கலீங்களே.'

"என் தப்புதான் சார்" என்றார் அந்தம்மா. "குனிஞ்சு பாக்காம கையெழுத்துப் போட்டுட்டேன். பாக்கவேண்டியது என் வேலை. ராஜினாமா எழுதிக் கொண்டாந்திருக்கேன்." என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

திருடனுக்குத் தேள் கொட்டிய கதையாக நின்றேன். பெண்ணின் தாய் எழுந்து வந்து அந்தம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார். "எம்புள்ளயத் தூக்கீட்டு ஓடுனது நீங்கதானுங்களே சாமி." அழுகிறவரைப் பார்த்து எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். அந்தம்மாவின் கைகளைப் பார்த்துப் பொறாமைதான் வந்தது.

பிரின்சிபால் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு என்னிடம் திரும்பினார். "இனி லேபு சேப்டியெல்லாம் நீங்களே பாத்துக்கறீங்களா?"

"பாத்துக்கறேனுங்க" என்றேன்.