தாடிக்கொம்பில் யார் பெயருக்கு அர்ச்சனை?

கொழுந்தனுக்கு முப்பத்திமூன்று வயதாகியும் பெண் அமையவில்லை. தாடிக்கொம்பு சௌந்தரராஜப் பெருமாள் கோயிலில் ரதிக்கும் மன்மதனுக்கும் ஐந்து வியாழக்கிழமை பூஜை செய்தால் கல்யாணம் கூடிவரும் என்று யாரோ சொல்ல, என் மாமியார் போன வாரம் என்னைத் துணைக்குக் கூப்பிட்டார். எனக்குப் பரிகாரத்தில் பெரிய நம்பிக்கை கிடையாது. சிற்பம் பார்க்கலாமே என்று கிளம்பினேன்.

மதுரை ஆரப்பாளையத்தில் காலை ஆறரைக்குப் பஸ். எட்டு மணிக்குத் திண்டுக்கல். பூ மார்க்கெட்டில் இரண்டு மாலை, தேங்காய், பழம் எல்லாம் சேர்த்து 240 ரூபாய். அங்கிருந்து கோயில் சுமார் ஒன்பது கிலோமீட்டர். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம்.

தாயார் சன்னதி முன்மண்டபத்தில் நுழைந்ததும் வாயடைத்துப் போனேன். தூணோடு சேர்த்து ஒரே கல்லில் செதுக்கிய பெரிய பெரிய சிற்பங்கள். காலை வானத்துக்குத் தூக்கிய உலகளந்த பெருமாள், இரணியனைக் கிழிக்கும் நரசிம்மர். பெருமாள் கோயில்தான், ஆனாலும் ஒரு தூணில் சிவன் ஆடுகிறார். சண்டை நமக்குத்தான் போலிருக்கிறது. ரதியின் விரல் நகத்தைக்கூடச் சிற்பி விட்டுவைக்கவில்லை.

“எம்புட்டு நேரம் கல்லையே பாப்ப? வா மாலதி,” என்றார் அத்தை.

அர்ச்சகர் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். கொழுந்தன் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். அத்தை முந்திக்கொண்டார்: “மாலதி. அவிட்டம்.”

அது நான். என் கணவர் இறந்து நான்கு வருடமாகிறது. எனக்கு இன்னொரு கல்யாணம் என்ற பேச்சை வீட்டில் யாரும் எடுத்ததில்லை, நான் உட்பட.

“அத்தை, தம்பிக்குன்னுதானே வந்தோம்?”

“அவனுக்கு மெதுவா ஆகட்டும். எம் மகன் போயிட்டான். நீ எம்புட்டு நாளைக்கு எனக்கு மாத்திரை எடுத்துக் குடுத்துக்கிட்டே இருப்ப?”

அதற்குள் அர்ச்சகர் மந்திரத்தைத் தொடங்கிவிட்டார். முதலில் கோபம்தான் வந்தது, அப்புறம் அழுகை. அழுது முடித்தபோது மனசு லேசாக இருந்தது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

போகிறவர்கள் காலை பத்துக்குள் போய்விடுங்கள், மதியம் நடை சாத்திவிடுவார்கள். வியாழன் கூட்டம் அதிகம். சிற்பம் மட்டும் போதும் என்றால் வேறு நாள் பாருங்கள். முக்கியமாக, யாருக்கு அர்ச்சனை என்பதை வீட்டிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

எனக்கு இன்னும் நான்கு வியாழன் பாக்கி இருக்கிறது. இந்த வாரம் அத்தையைக் கூட்டிக்கொண்டு போவது நான். பெயரையும் நட்சத்திரத்தையும் நானே சொல்வேன்.