தட்டின் கடைசியில் ஒரு பெயர்

ஜப்பான்காரன் காலத்தில் பினாங்கில் ஆங்கில இசைத்தட்டு வைத்திருந்தவனுக்கு அடி நிச்சயம். சூலியா தெருவில் நான் ஒண்டியிருந்த முடிவெட்டும் கடையில் இருந்தவை தமிழ்த் தட்டுகள்தான். அதிலும் ஒரு சிக்கல். அந்தப் பழைய பாட்டுகளை மெழுகில் பதிந்து, கப்பலில் சீமைக்கு அனுப்பித்தான் தட்டாக அடிப்பார்கள். அங்கே யாருக்கும் தமிழ் தெரியாது. யார் பாட்டு என்று அவர்களுக்கு விளங்க, பாடி முடித்ததும் பாடகர் தன் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லிவிடுவார். அந்தக் குரல் வருவதற்குள் ஊசியைத் தூக்கிவிட வேண்டும்.

தூக்குவது என் வேலை. எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. அக்கரையில் பிறைத் துறைமுகத்தில் மூட்டை சுமந்து, அந்த வேலை நின்றுபோய் வந்தவன். பாட்டுப் பெட்டிக்குச் சாவி கொடுப்பேன், தரை கூட்டுவேன், கடைக்காரர் தரும் மரவள்ளிக்கிழங்கைத் தின்பேன்.

ஒரு பகலில் ஜப்பான் சிப்பாய் ஒருவன் சவரத்துக்கு வந்து, பாட்டுப் போடச் சொல்லிச் சைகை காட்டினான். பாதி முகம் வழித்தாயிற்று. பாட்டு முடியும் இடத்தில் கையை நீட்டினேன். அவன் எட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். பாட்டு அவனுக்குப் பிடித்துப்போயிருந்தது. பாடகர் தன் பெயரைச் சொன்னார். சிப்பாய்க்கு ஆங்கிலம் தெரியாது; அது ஆங்கிலம் என்பது மட்டும் தெரிந்தது.

சோப்பு நுரையோடு எழுந்து, தட்டை என் தலையில் உடைத்தான். தட்டு யாருடையது என்று எங்கள் இருவரையும் மாறி மாறிச் சுட்டிக்காட்டினான். நான் அசையவில்லை. கடைக்காரர் தன் நெஞ்சைத் தொட்டார். அவரைக் கீழே தள்ளி, வலது கையைத் துப்பாக்கிக் கட்டையால் மூன்று முறை இடித்தான். எலும்பு முறிந்தது எனக்குக் கேட்டது.

பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, வழிக்காத கன்னத்தை என்னிடம் காட்டினான்.

நான் யாருக்கும் சவரம் செய்ததில்லை. கத்தியை எடுத்தேன். என் பார்வை அவன் கன்னத்தில் இல்லை, தொண்டையில் இருந்தது. தரையில் கிடந்த கடைக்காரர் அதைக் கண்டுகொண்டார்.

"வேணா தம்பி. இவன் செத்தா தெருவையே வெட்டிப்புடுவானுங்க லா. முடி போற பக்கமே இழு, மெதுவா."

இழுத்தேன். என் தலை ரத்தம் அவன் துண்டில் சொட்டியது. அவன் இரண்டு கன்னத்தையும் தடவிப் பார்த்துவிட்டுப் போனான்.

கடைக்காரரின் விரல்கள் அதன் பிறகு மடங்கவில்லை. எந்த ஊரிலும் ஆறு மாதம் தங்காத நான், சண்டை முடியும்வரை அங்கேயே சவரம் செய்தேன். நான் ஏன் அசையாமல் நின்றேன் என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை.