ஃபியட்டுக்கு மனசு சரியில்லாத சனிக்கிழமை

ஓசூர் சிப்காட்டில் உதிரிப்பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் பவுலினாவுக்கு இன்ஸ்பெக்‌ஷன் வேலை. பதினெட்டு வருடமாக அவள் பார்த்து 'ஓகே' போடாமல் ஒரு பெட்டியும் லாரி ஏறியதில்லை. அப்படிப்பட்டவளுக்கு, வீட்டில் நிற்கும் அறுபத்து நாலாம் வருடத்து ஃபியட்டின் பானெட்டைத் திறக்கக்கூடத் தெரியாது என்றுதான் எல்லோருக்கும் நினைப்பு. அவள் கணவர் ஜெபதுரையும் அப்படித்தான் சொல்லிக்கொள்வார்.

நான்கு வருடத்துக்கு முன்னால் கெலவரப்பள்ளி அணைக்குப் போகும் வழியில் கார் நின்றுவிட்டது. ஜெபதுரை அதனிடம் கெஞ்சினார், திட்டினார், கடைசியில் மெக்கானிக்கைத் தேடி நடந்தார். பவுலினாவுக்குச் சும்மா உட்கார முடியவில்லை. பானெட்டைத் தூக்கி, என்ஜினுக்குத் தீப்பொறியைப் பகிர்ந்து தரும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் இரண்டு கிளிப்பையும் நெம்பினாள். உள்ளே தொட்டுத் தொட்டு விலகும் பாயிண்ட் இரண்டும் கரிந்து, மேடும் பள்ளமுமாக இருந்தன. கைப்பையில் நகம் தேய்க்கும் அரம் இருந்தது. தேய்த்தாள். ஒரு கல்யாணப் பத்திரிகையை இடையில் செருகி, இடைவெளியைச் சரிசெய்து மூடினாள்.

மெக்கானிக் கிடைக்காமல் வியர்வையோடு திரும்பிய ஜெபதுரை, கடைசியாக ஒருமுறை டாஷ்போர்டைத் தட்டி, "கிளம்புடா கண்ணு" என்றார். கிளம்பிவிட்டது.

"பாத்தியா பவுலி? வண்டிக்கும் மனசு இருக்குது. பேசுற விதமா பேசணும்."

அவர் முகத்தில் இருந்த பெருமையைக் கெடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. அன்றிலிருந்து மாதம் ஒருமுறை, அவர் சர்ச்சில் பாட்டுப் பயிற்சிக்குப் போகும் நேரத்தில், அவள் மூடியைத் துடைப்பாள், பாயிண்டைத் தேய்ப்பாள், ஒரு சொட்டு எண்ணெய் விடுவாள். பாராட்டு முழுவதும் ஜெபதுரையின் பேச்சுக்கே போகும்.

ஓட வைக்கத் தெரிந்த கைக்கு நிறுத்தவும் தெரியும் அல்லவா? மூடிக்குள் சுழலும் ரோட்டர் கட்டைவிரல் அளவுதான். அதை உருவிவிட்டால் கார் உறுமும், கிளம்பாது. போகப் பிடிக்காத விசேஷம் வந்தால், அந்த ரோட்டர் பவுலினாவின் டிபன் பையில் தூங்கும். சர்ச்சுக்கோ ஆஸ்பத்திரிக்கோ போகும்போது மட்டும் அந்த வேலை செய்ய மாட்டாள். அதில் அவள் ரொம்ப நேர்மை.

பிடிக்காத இடங்களில் முதலிடம் உத்தனப்பள்ளி. அங்கே ஜெபதுரையின் அக்கா ராஜாத்தி சத்துமாவு விற்கிறாள். வீட்டுக்கு வருகிறவர்களை எடை பார்க்கும் மிஷினில் ஏற்றி, எண்ணை உரக்கப் படித்து, பச்சை நிறத்தில் ஒரு டம்ளர் கலக்கிக் கொடுப்பாள். குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே நிற்பாள்.

போன மாதம் அங்கே அவளுடைய புதுக் கடையின் திறப்பு விழா. சந்தேகம் வராமலிருக்க முந்தின ராத்திரியே பட்டுப்புடவையை வெளியே எடுத்து வைத்துவிட்டு, அந்தச் சனிக்கிழமை பவுலினா காலை ஆறு மணிக்கே பானெட்டைத் திறந்தாள். மூடியைக் கழற்றினாள்.

ரோட்டர் இல்லை!

திருடனாயிருந்தால் பேட்டரியை அல்லவா எடுப்பான்? குழப்பத்தோடு மூடிவிட்டு உள்ளே போனாள்.

எட்டு மணிக்கு ஜெபதுரை வெள்ளைச் சட்டையில் வந்து சாவியைத் திருப்பினார். உறுமல் மட்டும்தான். "அடடா, மனசு சரியில்ல போல" என்றார். வழக்கமாகக் கால் மணி நேரம் கெஞ்சுகிறவர், அரை நிமிடத்தில் இறங்கிவிட்டார். சட்டைப்பை சற்றுப் புடைத்திருந்தது.

"என்னங்க, பாக்கெட்டுல என்னா?"

"சும்மா... மாத்திரை."

அவள் கையை விட்டு எடுத்தாள். ரோட்டர்.

"உங்களுக்கு இது தெரியுமா?"

"மெக்கானிக் முனீஸ்வரன் ரெண்டு வருசம் முன்னாடியே சொல்லிட்டான். 'சார், பாயிண்ட்டு கம்பெனி கையில வெச்ச மாதிரி இருக்குது, யாரு வெக்கறாங்க'ன்னு கேட்டான். அப்பவே நீதான்னு தெரிஞ்சுபோச்சு. நீ போகவிடாம நிறுத்தின எடமெல்லாம் எனக்கும் போகப் பிடிக்காத எடந்தான், அதான் கம்முனு இருந்தேன். நேத்து ராத்திரி நீ பட்டுப்புடவை எடுத்து வெச்சியா, நெஜமாவே கிளம்பிடுவியோன்னு பயந்து நானே உருவிட்டேன்."

சிரித்துச் சிரித்து பவுலினாவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அதே நேரம் வாசலில் ஆட்டோ நின்றது. முதலில் இறங்கியவள் ராஜாத்தி. பின்னாலேயே மெக்கானிக் முனீஸ்வரன்.

"எப்பவும் போல வண்டி கிளம்பாதுன்னு தெரியும், தொரை. அதான் இவனையும் கையோட கூட்டியாந்துட்டேன்."

முனீஸ்வரன் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தான். பிறகு ஜெபதுரையைப் பார்த்தான். பிறகு பவுலினாவின் மூடிய கையைப் பார்த்தான்.

"அம்மா, தொடைக்கறதுக்கு எடுத்தீங்களே, குடுங்க, மாட்டிடலாம்" என்றான், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

அவள் கொடுத்தாள். கார் முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது. உத்தனப்பள்ளிவரை ஒரு இருமல்கூட இல்லை. அவ்வளவு நன்றாகப் பராமரித்து வைத்திருந்தாள். பாவம்.

கடையில் எடை மிஷினை விட்டு இறங்கிய இருவர் கையிலும் ராஜாத்தி ஆளுக்கொரு பச்சை டம்ளரைக் கொடுத்தாள்.

"வண்டிதான் இப்ப ஜம்முனு ஓடுதே. இனிமே சனிக்கிழமை தவறாம வந்துடுங்க."

ஜெபதுரை மனைவியைப் பார்த்தார். பவுலினா மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில் குடித்தாள்.